வேறொருவனின் சாட்சி

நெல்லிவாசல்நாடு
13.2.2025, வியாழன்

அன்புள்ள ராணிக்கு,

ஜீவானந்தம் எழுதுவது. நீ ஓசூர் போய்ச் சேர்ந்த விவரத்தைச் சிவசங்கரி சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம், மலை இறங்கும்போது தலை சுற்றவில்லையாம். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நான் உடம்பளவில் சுகம். மற்றபடி சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

நான்கு முறை போன் செய்தேன், நான்கு முறையும் சிவசங்கரிதான் எடுத்தாள். அம்மா துணி மடிக்கிறார்கள், அம்மா குளிக்கிறார்கள் என்று ஏதேதோ சொன்னாள். நான்காவது முறை, "அம்மா பக்கத்துலதான்பா இருக்காங்க. பேச வேணாமாம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். நேரில் வராத வார்த்தை எனக்குத் தாளில் ஓரளவு வரும். அதைக்கூட நம்பிச் சொல்வதற்கில்லை. சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் நடந்தது எல்லாம் என் தாளிலிருந்துதானே ஆரம்பித்தது.

பாஸ்டர் அசோக்குமார் ஜனவரியில் என்னிடம், நான் விசுவாசத்துக்கு வந்த கதையைக் கன்வென்ஷனில் வாசிக்கச் சாட்சியாக எழுதித் தரச் சொன்னார். ஆறு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். எண்பத்து நான்கில் இந்த மலைக்கு வாத்தியாராக வந்தேன், எதற்கெடுத்தாலும் பயந்தேன், தொண்ணூற்று நான்கில் ஞானஸ்நானம் பெற்றேன், அதற்குப் பிறகும் பயந்தேன், ஆனால் தனியாகப் பயப்படவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தேன். பாஸ்டர் படித்துவிட்டுக் கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"சார், இதுல விடுதலையே இல்லையே. எதுலேர்ந்து வெளிய வந்தீங்க?"

பயத்திலிருந்து, அதுவும் இன்னும் முழுதாக வரவில்லை என்றேன். அவர் சிரித்தார். கொஞ்சம் சரிபண்ணித் தானே வாசித்துவிடுவதாகவும், என் குரல் மைக்கில் எடுபடாது என்பதால் பக்கத்தில் நின்றால் போதும் என்றும் சொன்னார். முடிவில் நம் சபை வழக்கப்படி வலது கையைத் தூக்கி ஆமென் சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டினேன். சரிபண்ணியதைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கன்வென்ஷன் மேடையில் அவர் வாசித்ததில் பதினொரு பொய்கள் இருந்தன. அங்கே எடுத்த வீடியோவை மூன்று முறை பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். நான் தினமும் சாராயம் குடித்தேனாம். சம்பள நாளில் புதூர்நாட்டு ரோட்டில் விழுந்து கிடந்தேனாம். பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தவில்லையாம். பாடம் நடத்தாத வாத்தியார் என்று என்னை எந்த அதிகாரியும் சொன்னதில்லை, ராணி. ஆனால் அதையெல்லாம் பொறுத்திருப்பேன். ஒன்பதாவது பொய் இருக்கிறதே, அதைப் பொறுக்க நான் யார்? குடிபோதையில் மனைவியை அடித்து அவள் கையை ஒடித்தேன் என்று வாசித்தார். வாசித்தவர் பெண்கள் பக்கம் கையைக் காட்டி, அந்தச் சகோதரியும் இன்று இங்கே உட்கார்ந்து கர்த்தரைத் துதிக்கிறார் என்றார். முந்நூறு பேரும் உன் இடது கையைப் பார்த்தார்கள். நீ முந்தானையை இழுத்துக் கோணல் முழங்கையை மூடியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினேன். ஆமென் என்றேன்.

முப்பது வருடமாக யார் எதை வாசித்து முடித்தாலும் ஆமென் சொல்லிப் பழகிய வாய் இது. காரணமாகத்தான் எழுதுகிறேன், நியாயமாக அல்ல. கூட்டம் கைதட்டியது. வெளியூர்க் குழுவினர் கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார்கள். மறுநாள் நீ பையை எடுத்துக்கொண்டு அர்ச்சுனன் ஜீப்பில் ஏறினாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அந்த வீடியோ மலை முழுக்க எல்லார் போனிலும் இருக்கிறது. அர்ச்சுனன் சாமி கும்பிடுகிற ஆள், சபைப் பக்கம் வராதவன், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். அவன் ஜீப்பை நிறுத்தி, "இன்னா சார், எந்தக் கடையில குடிச்சீங்க? உங்களுக்குக் கூட்டாளி யாருன்னு ஊரே தேடினு கீது" என்றான். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சிரித்ததற்காகவும் என்மேல் எனக்கு ஆத்திரம்.

எனக்கு அடங்காத கோபம் ஒன்று உண்டு. என்னை இந்த உலகத்தில் ஒருவர் முழுக்க அறிந்திருக்கிறார் என்பதுதான் என் விசுவாசம் எல்லாம். வேறு பெரிய விசுவாசம் எனக்கு இல்லை. அவருக்கு என்னைத் தெரியும், என் கோழைத்தனம் உட்படத் தெரியும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் படுத்து எழுந்தேன். அவருடைய ஆலயத்திலேயே, அவர் பெயரைச் சொல்லியே, எனக்குப் பதிலாக யாரோ ஒரு குடிகாரனை நிறுத்தி, இவன்தான் ஜீவானந்தம் என்று அவருக்கு அறிமுகம் செய்கிறார்கள். யார் கொடுத்த அதிகாரம் இது? நான் வாழ்ந்த வாழ்க்கை போதாது என்று தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்?

சனிக்கிழமை பாஸ்டரைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். கால் வீக்கத்துக்கு மாத்திரையை விடாதே. பச்சைப் பெட்டியில் இருப்பது காலையில், வெள்ளை இரவில். கர்த்தர் உன்னோடு இருப்பாராக. நான் இருக்க வேண்டிய இடத்திலும் அவரே இருப்பாராக.

ஜீவானந்தம்


18.2.2025, செவ்வாய்

அன்புள்ள ராணிக்கு,

முதல் கடிதம் கிடைத்திருக்கும். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். நீ உட்கார்ந்து படி. சிவசங்கரி பக்கத்தில் இல்லாதபோது படித்தால் நல்லது.

பாஸ்டரைப் பார்த்தேன். எழுதிவைத்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீடியோவை எடுத்துவிடுங்கள், நான் மனைவியை அடித்தவன் அல்ல என்று மட்டும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, ராணி. அதுதான் சங்கடம். மழையில் நனைந்துகொண்டு பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பச்சையம்மாவின் கதையைச் சொன்னார். நம் சபையில் தரை பெருக்குகிற பச்சையம்மாதான். அவள் புருஷன் குப்பன் அவளை அடிப்பது ஊரறிந்தது. அந்தக் குப்பன் என் சாட்சியைக் கேட்டு, "வாத்தியாரே இப்டி இருந்து திருந்தினாரா" என்று கேட்டானாம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் தடவையாகச் சபைக்கு வந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

"இப்ப நீங்க எழுந்து அது பொய்யின்னா, அவன் திரும்பிப் போயிடுவான் சார். ஒரு ஆத்துமா. பாத்துக்குங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் சொல்வதுதான் சரியோ என்று பட்டது. என் மானம் பெரிதா, பச்சையம்மாவின் முதுகு பெரிதா? உனக்குத் தெரியும், யார் உறுதியாகப் பேசினாலும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றிவிடும். இரண்டு நாள் அப்படியே இருந்தேன்.

பிறகு ஒன்று உறைத்தது. பாஸ்டர் சொன்ன பொய்யை எதிர்க்க ஏன் எனக்கு நாக்கு எழவில்லை? பயத்தால் மட்டுமா? இல்லை. உன் கையைப் பற்றிய பேச்சு வந்தால் உண்மையும் வெளியே வந்துவிடுமே என்றுதான் முப்பத்து நான்கு வருடமாக அந்தப் பேச்சையே நான் எடுப்பதில்லை. பாஸ்டர் ஒரு பொய் சொன்னார். அதற்கு அடியில் என் பொய் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

தொண்ணூற்று ஒன்று ஜூலையில் நீ ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்த நாளைச் சொல்கிறேன். அன்று திருப்பத்தூரிலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். எனக்குச் சேதி வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். சேதி வந்தது, ராணி. பள்ளி விடுதியில் சமைத்த அம்மாக்கண்ணு பதினொன்றே கால் மணிக்கு ஓடிவந்தாள். ஆபீஸ் வாசலில் நின்று, "சார், அம்மா ஓடையில வியுந்துட்டாங்க. கை ஒடிஞ்சாப்ல கீது. உங்கள இட்டாரச் சொன்னாங்க" என்று தெளிவாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். அதிகாரி பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து, என்னவாம் என்றார். ஒன்றுமில்லை சார், சமையலுக்கு விறகு கேட்கிறாள் என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அவர் எனக்குக் கெடுதல் செய்கிறவர் அல்ல. விஷயத்தைச் சொல்லியிருந்தால் தன் ஜீப்பையே கொடுத்திருப்பார். பதிவேடு பாதியில் இருக்கும்போது எழுந்திருக்க எனக்குப் பயம், அவ்வளவுதான். இரண்டு மணிக்கு மூங்கில் ஏற்றிய லாரி கீழே இறங்கியது. அதில் உன்னை ஏற்றியிருக்கலாம். அவர் நாலரைக்குப் போனார். அதற்குள் உன் கை வீங்கி, ஊர் வைத்தியர் முட்டை வெள்ளை தடவி மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நாம் போனது ஒன்பது நாள் கழித்து. கோணலாகக் கூடிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

சேதி ஏன் சேரவில்லை என்று நீ கேட்டாய். அம்மாக்கண்ணு வரவே இல்லை என்றேன். நீ கட்டுப்போட்ட கையோடு விடுதிச் சமையலறைக்குப் போய் அவளைத் திட்டினாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, உன் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி உலைக்கு அரிசி போட்டாள். அதற்குப் பிறகு அவள் கையால் நீ எதையும் வாங்கியதில்லை. அவள் மகள் கல்யாணத்துக்குக்கூட நாம் போகவில்லை.

நான் எப்படிக் கிறிஸ்தவனானேன் என்று நீ கேட்டதில்லை. நான் போனதால் நீயும் வந்தாய். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆறு பேர் கூடியிருந்த ஜெபக்கூட்டத்தில் அப்போதிருந்த உபதேசியார் பேசிக்கொண்டிருந்தார். உன்னை முழுக்கப் பார்த்துவிட்ட ஒருவர் இருக்கிறார், பார்த்த பிறகும் எழுந்து போகாதவர் என்றார். ஆயுள் முழுக்க ஆய்வுக்குப் பயந்து, யார் வந்தாலும் காட்டுவதற்கு ஒரு நல்ல பதிவேடு தயாராக வைத்திருந்தவன் நான். ஆய்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது, அந்த விறகுப் பொய்யும் அதில் இருக்கிறது, ஆனாலும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை என்று அன்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி மெய். அதை இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் அதை வைத்து நான் செய்ததை நினைத்தால் எனக்கே என் முகத்தில் அறையத் தோன்றுகிறது. அவருக்குத் தெரியுமே, போதும் என்று இருந்துவிட்டேன். உனக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கவில்லை. தெரிந்துகொண்டு என்னை ஏற்றுக்கொண்டவர் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். அதற்கு நீயும் அம்மாக்கண்ணுவும் விலை கொடுத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து பேசப்போகிறேன். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பாரத்தையும் உன்மேல் வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆண்டவர் உன்னைத் தாங்குவாராக.

ஜீவானந்தம்


26.2.2025, புதன்

அன்புள்ள ராணிக்கு,

சனிக்கிழமை சிவசங்கரி பேசினாள். கடிதத்தைப் படித்துவிட்டு நீ மத்தியானம் சாப்பிடவில்லை என்றும், சாயந்திரம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாய் என்றும் சொன்னாள்.

"அம்மாக்கண்ணு உசுரோட இருக்காங்களான்னு கேக்கச் சொன்னாங்கப்பா. யாருப்பா அது?"

எனக்குத் தெரியவில்லை. நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர், எனக்குத் தெரியவில்லை என்று மகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் எழுந்தேன். உட்காருங்க சார் என்று பாஸ்டர் மெதுவாகக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. மைக்கைக் கேட்கவும் இல்லை. கன்வென்ஷனில் என் பெயரில் வாசித்தது வேறொருவனின் சாட்சி, நான் குடித்ததில்லை, என் மனைவியை அடித்ததில்லை, ஆமென் என்று கை தூக்கியது மட்டும் நான், அது என் பாவம் என்றேன். குரல் கடைசி வரிசைக்குப் போயிருக்காது. ஆனால் யாரும் இருமக்கூட இல்லை.

பாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இதெல்லாம் சபையில் பேசுவதா என்றார். பிறகு, அப்படியானால் அம்மா கை எப்படி ஒடிந்தது, அதையும் சொல்லிவிடுங்கள், சபை கேட்கட்டும் என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உனக்கு எழுதியது முழுவதும் தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள், ஒருவேளை கைகூடத் தட்டியிருப்பார்கள். அப்போது வந்தது பார், அந்த மாதிரி ஒரு கோபம் எனக்கு இந்த எழுபத்தொரு வயதில் வந்ததே இல்லை. அவர்கள் ஒரு தடவை உன் கையை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவை நானும் காட்ட வேண்டுமா?

"அது ஆண்டவருக்குத் தெரியும், ராணிக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை" என்றேன்.

சொன்னது நான்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ என்றும் இருக்கிறது. ஆனால் நிற்கும்போது பயம் வரவில்லை. என்னை முழுக்கத் தெரிந்தவர் அங்கே இருந்தார், அவருக்கு நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது அவர்கள் நினைப்பு. இது இத்தனை எளிதாக இருக்கும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

குப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். பாஸ்டர் சொன்னபடிதான் நடந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆராதனை முடிந்ததும் பச்சையம்மாவிடம் போய், என்னால் உன் புருஷன் போய்விட்டான், தப்பாக நினைக்காதே என்றேன். அவள் விளக்குமாற்றை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ அடிச்சன்னு நான் எப்ப நம்புனேன்? அடிக்கறவன் கண்ணு எனக்குத் தெரியாதா சார்? உன்னுது பயந்தாங்கொள்ளிக் கண்ணு. அந்தாளு வந்தது திருந்தறதுக்கு இல்ல. வாத்தியாரே அடிச்சிருக்காரு, நான் அடிச்சா இன்னான்னு வூட்ல வந்து கேட்டான், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியாது. அந்தச் சாட்சி அவள் முதுகுக்கு என்ன செய்தது என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பாஸ்டரும் இதைக் கேட்டார். சாயந்திரம் வீடியோவை எடுத்துவிட்டதாகப் போனில் சொன்னார். மறுநாள் பச்சையம்மா வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. எடுத்தால் என்ன, மலை முழுக்கப் போனில் இருக்கிறதே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டும் என்று ஜெபிக்கிறேன். தீராவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை நடந்தே அம்மாக்கண்ணு ஊருக்குப் போனேன்.

உயிரோடு இருக்கிறாள், ராணி. வயது எண்பதுக்குக் கிட்டே இருக்கும். ஒரு கண் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு, "வாத்தியாரா?" என்றாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"நீ தலையாட்டினத நான் பாத்தனே சார். விறகுன்னு சொன்னதும் காதுல வியுந்துச்சு" என்றாள்.

பிறகு ஏன் ராணியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அந்தம்மா உன்னை விட்டுவிட்டுப் போயிருக்கும், பெண் குழந்தை சின்னது, அதுதான் என்றாள். ஆண்டவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க இவளுக்கும் தெரிந்திருந்தது. அவரைப்போலவே இவளும் காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடம் போய் நிம்மதியடைந்த நான், இவள் வாசலை ஒரு நாளும் மிதிக்கவில்லை.

பெருந்தன்மையாக விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதே. நான் கிளம்பும்போது கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உன்ன நான் மன்னிக்கல சார். உனக்கு வேணும்னா உங்க சாமிகிட்ட கேட்டுக்கோ. ஆனா அந்தம்மா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. நான் சேதி சொல்லாதவள்னு அந்தம்மா நெனச்சினு இருக்கறப்பவே செத்துப்போவேன்னு இருந்தேன். அந்தம்மாக்கு இப்ப தெரியுமா?"

தெரியும், எழுதியிருக்கிறேன் என்றேன். "வருமா?" என்றாள். உனக்காகப் பதில் சொல்வதை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஓசூரில் நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. இந்த வீட்டுக்கு வரச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அம்மாக்கண்ணுவுக்கு மூச்சு வாங்குகிறது, நான் இருந்த அரைமணி நேரத்தில் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். புதூர்நாட்டு பஸ் காலை பத்து மணிக்கு வரும். அர்ச்சுனனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ இறங்கினால் நேராக அவள் ஊருக்குக் கூட்டிப்போவான். நான் வரமாட்டேன். நான் இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் பேச முடியாது.

அவள் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி, ராணி.

என்னையும் உன்னையும் அவளையும் ஒன்றாக அறிந்திருக்கிறவர் உன் பயணத்தைக் காப்பாராக.

ஜீவானந்தம்